ஐம்பத்திரண்டு சர்க்கரை ரோஜாக்கள்

என் மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நானும் உன் அம்மாவும் சேர்ந்து இரண்டு முறை படித்தோம். பிறகு நான் மட்டும் தனியாக மூன்றாவது முறை படித்தேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தது, கிரேஸின் அப்பா உனக்குக் கோட்டுத் துணி எடுத்தது, ஓசூரில் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தது எல்லாம் மனம் நிறைந்த செய்திகள். அம்மா அதைத் தெருவில் நான்கு வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வந்து, ஐந்தாவது வீட்டுக்காரி ஊரில் இல்லையே என்று வருத்தப்பட்டாள். ஆனால் மூன்றாவது முறை நான் படித்தது ஒரே ஒரு பத்தியைத்தான். கிரேஸ் புதிதாக மொபெட் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு போகிறது, பார்க்கப் பொறுக்காமல் நீ ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டு அவளைப் பின்னால் உட்காரச் சொன்னாய், அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள் என்று எழுதியிருக்கிறாய். நீ வேடிக்கையாகத்தான் எழுதினாய். நானும் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எந்த மாதிரி சிரித்தாள் என்று நீ கவனித்தாயா? அப்படி ஒரு சிரிப்பை நான் ஒருமுறை சரியாகக் கவனிக்காமல் விட்டேன். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

மொபெட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது கேக்கின்மேல் சர்க்கரையில் பூ போடும் கதை. படப்பையில் இன்றைக்கும் நம் வீட்டைக் 'கேக்கு வூடு' என்றுதான் சொல்கிறார்கள். நீ விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் அம்மாவும் நானும் ஆளுக்கொரு மேசையில் ஐசிங் பண்ணுவதைத்தான். அதனால் அது எப்போதும் அப்படியே இருந்தது என்று நினைத்திருப்பாய். அது அப்படி ஆனது எப்படி என்று உனக்கு நான் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. கல்யாணம் நெருங்கிவிட்டதால் கூச்சத்தைத் தள்ளி வைக்கிறேன்.

உனக்கு ஆறு வயது இருக்கும். நான் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. விடியற்காலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து ரயிலில் கிண்டி. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு ஐசிங் கேக் வாங்கி வந்தார். வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் சரிகை மாதிரி வேலைப்பாடு, நடுவில் மூன்று ரோஜா. அம்மா அதை வெட்ட விடவில்லை. ஒரு நாள் முழுக்க அலமாரியில் வைத்து, போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்த எப்பிடிங்க போட்டிருப்பாங்க? கையாலயா, மெஷின்லயா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கையாலதான் இருக்கும் என்றேன். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வரும் வழியில் மெதுவாக ஆரம்பித்தாள். தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நோரா என்று ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா இருக்கிறாராம், சனிக்கிழமை மத்தியானம் ஐசிங் சொல்லித்தருகிறாராம். "நான் போய் கத்துக்கட்டுமா?"

"கத்துகினு இன்னா பண்ணப்போற?" என்று கேட்டேன். கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. கத்துக்கணும்னு கீது. அவ்ளோதான்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சரி என்று சொன்னேன். அதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் சரிதான்.

எனக்குச் சனிக்கிழமை அரைநாள் ஷிப்ட். தாம்பரத்தில் இறங்கி, அவளோடு சேர்ந்து பஸ் ஏறலாம் என்று நோரா அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து காத்திருப்பேன். கையில் காலைப் பேப்பர். உள்ளே ஆறேழு பெண்கள். ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் ஒரு சின்னத் தகரக் குழலைச் செருகி, அதற்குள் ஐசிங்கை அடைத்துப் பிழிவார்கள். முட்டையின் வெள்ளைக்கருவில் பொடித்த சர்க்கரையைப் போட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டு, கை ஒடிய அடித்தால் அதுதான் ஐசிங். மூன்றாவது வாரம் நோரா அம்மா ஜன்னலுக்கு வந்து நின்றார். இடுப்பில் கை. "இன்னா மேன், வெளியே குந்திகினு பேப்பர் படிக்கிறே? பேப்பரு தலைகீழா கீது. உள்ள வா, மேன்." உள்ளே ஒரே சிரிப்பு. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு ரோஜா வகுப்பு. இடது கையில் ஒரு ஆணி. ஆணித் தலையில் சோடா மூடி மாதிரி ஒரு தட்டு. அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம். இடது கை ஆணியைச் சுழற்ற வேண்டும், வலது கை அசையாமல் நின்று இதழ் இதழாகப் பிழிய வேண்டும். மகனே, எனக்கு அதைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது லேத்து! பொருள் சுழல்கிறது, டூல் நிற்கிறது. பன்னிரண்டு வருஷமாக நான் தினமும் செய்கிற வேலை அது. இரண்டு பூ சொதப்பினேன். மூன்றாவது பூ ரோஜாவாகவே வந்தது. நோரா அம்மா அதை ஆணியோடு தூக்கிப் பிடித்து, "லேடீஸ், இந்த ஆளு கையைப் பாருங்க!" என்று வீடு அதிரக் கத்தினார். அம்மாவுக்குத்தான் பெருமை. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, "இவரு முதல் நாளே ரோசா போட்டுட்டாரு" என்று சொன்னாள். அவளுடைய ரோஜா அன்றைக்கு முட்டைக்கோஸ் மாதிரி வந்திருந்தது. அதையும் அவளேதான் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கோடைக்காலம் நல்ல காலம். சர்க்கரையையும் முட்டையையும் பழகுவதற்காகவே செலவழிக்க முடியாது. அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வடாம் போடக் கிளறிய கூழைப் பட்டர் பேப்பர் கூம்பில் அடைத்து, நனைத்த வேட்டியின்மேல் ரோஜாவும் இலையும் சங்கிலியுமாகப் பிழிந்தாள். வெயிலில் காய்ந்ததை எண்ணெயில் போட்டால் ரோஜா விரிந்துகொண்டே போய்த் தாமரை ஆகிவிடும். அந்த வருஷம் நம் தெருவே பூப்போட்ட வடாம் தின்றது. ஓவன் நமக்கு ஏது? பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மணல் கொட்டி அடுப்பில் ஏற்றி, அதற்குள் கேக் தட்டை வைத்து, மூடியின்மேல் நெருப்புக் கங்கு போடுவோம். முதல் கேக் அடியில் கரி, நடுவில் கூழ். நீ அதையும் தின்றாய். உனக்கு அப்போதெல்லாம் எதிலும் குறை தெரியாது.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாளில் ஆரம்பிக்கவில்லை. அம்மா பிழிந்துகொண்டிருப்பாள். கோடு கொஞ்சம் நெளியும். "இப்பிடிக் குடு" என்று கையை நீட்டுவேன். அவள் கொடுப்பாள். நான் நேராக்கிக் கொடுப்பேன். அடுத்த தடவை அவள் கேட்காமலே வாங்கிக்கொள்வேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. தொழிற்சாலையில் ஒரு நூல் அளவு பிசகினால் பொருளைத் தள்ளிவிடுவார்கள். என் கண் அப்படிப் பழகியிருந்தது. கோணலைப் பார்த்தால் எனக்கு விரல் அரிக்கும். சில மாதத்தில் என்ன ஆயிற்று என்றால், சர்க்கரை பொடிப்பது, சலிப்பது, முட்டை அடிப்பது அம்மாவின் வேலை. பூ போடுவது என் வேலை. ஆசைப்பட்டு வகுப்புக்குப் போனது யார் என்பது எனக்கே மறந்துவிட்டது.

பிறகு உன் மேரி சித்தியின் கல்யாணம் வந்தது. ஒரகடத்தில், உன் தாத்தா ஊரில். கேக் நான்தான் பண்ணுவேன் என்று அம்மா ஒரே பிடியாகச் சொன்னாள். தங்கச்சி கல்யாணம் அல்லவா? இரண்டு அடுக்கு. ஐசிங் பூக்களை முன்கூட்டியே போட்டு உலரவிட்டு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் உட்கார்ந்து, நான் வேலைக்குப் போன நேரத்தில், தினமும் இரண்டு மூன்றாக அவள் ரோஜா போட்டாள். பிஸ்கட் டப்பாவில் காகிதம் விரித்து அடுக்கி வைத்திருந்தாள். என்னிடம் காட்டவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், அவள் காலையிலேயே ஒரகடத்துக்கு நலங்கு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு லீவு. டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

மகனே, அவை மோசமான ரோஜாக்கள் இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். முட்டைக்கோஸ் எல்லாம் எப்போதோ போயிருந்தது. ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சற்றுச் சாய்வு, சிலதில் இதழ் தடிப்பு. அவ்வளவுதான். ஆனால் என் விரல் அரித்தது. மத்தியானத்துக்குள் முட்டை உடைத்து, சர்க்கரை அடித்து, உட்கார்ந்து ரோஜா போட ஆரம்பித்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே சுற்று. அவள் வந்து பார்த்து ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அவளுடைய பூக்களை என்ன செய்வது? வீணாக்கக் கூடாதே. உன் கையில் கொடுத்துவிட்டேன். நீயும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்று தீர்த்தீர்கள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் முதலில் உன்னைத்தான் பார்த்தாள். உன் உதடு, கன்னம், சட்டை எல்லாம் ரோஸ் நிறம். உள்ளே வந்து டப்பாவைத் திறந்தாள். அதில் என் ரோஜாக்கள். "எப்பிடி?" என்று நான் பின்னால் நின்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிச் சிரித்தாள். "ரொம்ப அளவா கீதுங்க" என்றாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கேக்கை ஒரகடம் கொண்டுபோனது தனிக் கதை. மேல் அடுக்கு அம்மா மடியில், கீழ் அடுக்கு என் மடியில், பஸ் முழுக்கக் கூட்டம், வெளியே மழை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்டக்டர், "மெதுவா ஓட்டுப்பா, பொண்ணு வூட்டு கேக்கு கீது" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். ஈரக் காற்றில் ஐசிங் வேர்த்துவிட்டது. ஆனாலும் ஒரு பூ விழவில்லை. சபைக் கோயிலில் எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்றார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் யாரும் வீட்டில் செய்த கல்யாணக் கேக்கைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, "இந்த ரோசாவெல்லாம் யாரு போட்டது?" என்று கேட்டார். அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான்" என்றேன்.

அதன்பிறகு அவள் கூம்பைத் தொடவில்லை. சண்டை கிடையாது, முகம் சுளிப்பது கிடையாது. வகுப்பு முடிந்துவிட்டது என்றாள். நான் கேட்டால் சர்க்கரை சலித்துத் தருவாள். நானோ குஷியாக இருந்தேன். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைக்கே ஒரு கேக் பண்ணிக்கொண்டு போனேன், பற்சக்கர வடிவத்தில், பல் எண்ணிக்கை உட்பட சரியாக. எங்கள் சூப்பர்வைசர் சந்தன மாலையோடு வந்து பார்த்துவிட்டு, "சூப்பரு. முட்டை போட்டதா?" என்றார். போட்டதுதான் என்றேன். "அப்போ சாமி கிட்ட வெக்காத, எங்கிட்ட வை" என்று வாங்கிக் கேன்டீனுக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உன் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காருகிறவள் அல்ல அவள். ஏதோ வருத்தம் என்று மட்டும் தெரிந்தது. ஒரு பரிசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணினேன். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில், மிஞ்சின பித்தளைத் துண்டுகளில் ஐசிங் குழல்கள் கடைந்தேன். நட்சத்திரம், இலை, இதழ், கோடு என்று எட்டு வகை. பாலிஷ் போட்டு, டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்லா கீது. இதுவும் உங்க கைவேலதான்" என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம்கூட வந்தது.

புரியவைத்தது ஒரு புது ஃபோர்மேன். எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர், கெட்டிக்காரர். ஒரு நாள் நான் ஒரு பெரிய இரும்புத் தண்டை, ஷாஃப்டை, கடைந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து அதே வேலை. கடைசிச் சீவல் பாக்கி. அவர் வந்து பார்த்தார், மைக்ரோமீட்டரை வைத்தார், அந்தக் கட்டத்துக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், "தள்ளு, இன்னும் நைசா பண்ணலாம்" என்று என்னை ஒதுக்கிவிட்டு, நாலு பேர் பார்க்க, கடைசிச் சீவலை அவரே எடுத்தார். "இப்ப பாரு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். வேலையும் அழகாகத்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்தேன் என்று சொல்கிறேன் அல்லவா, அந்தச் சிரிப்பு என் முகத்தில் வந்து உட்கார்ந்தபோது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. 

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன்.

"எஸ்தரு, உன் ரோசாவ நான் எடுத்திருக்கக் கூடாது."

"எந்த ரோசா?"

"மேரி கல்யாணத்து ரோசா."

"அது ஆச்சி ரெண்டு வருசம்" என்றாள். மீனைப் புரட்டிப் புரட்டிக் கழுவினாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "அம்பத்தி ரெண்டு பூவு. எண்ணி வெச்சிருந்தேன். உங்கள்து அழகுதான், நான் இல்லன்னு சொல்லல. என்னுதுல ஒண்ணே ஒண்ணாச்சும் அதுல வெச்சிருக்கக் கூடாதா?"

 ஒரு காரணம் சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. "வெச்சிருக்கணும்" என்றேன். "தப்புதான்." அவள் அழுதாள். கை மீன் வாடையாக இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல் புறங்கையால் தடவிக்கொண்டாள். நான் என் துண்டைக் கொடுத்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இருவரும் அதை அப்படியே சாப்பிட்டோம். நீதான் கத்தினாய்.

உடனே எல்லாம் சரியாகவில்லை. நாலைந்து மாதம் போயிற்று. அறுப்பின் பண்டிகை வந்தது. நம் சபையில் அவரவர் விளைச்சலையும் பலகாரத்தையும் படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். முதல் நாள் காலையில் அம்மா அலமாரியைத் திறந்து கூம்புக் காகிதத்தை எடுத்தாள். பித்தளைக் குழல்களையும் எடுத்தாள். என்னைப் பார்த்து, "நீங்க வூட்டாண்ட இருக்காதீங்க" என்றாள். கோபமாக அல்ல, மருந்து சொல்கிற டாக்டர் மாதிரி. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே என்ன செய்ய? மதகில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, துணி துவைக்கிறவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருந்து, சாயங்காலம் வரை ஓட்டினேன். திரும்பி வந்தபோது கேக்கின்மேல் மூங்கில் கூடை கவிழ்த்திருந்தது. அதைத் தூக்கிப் பார்க்காமல் இருந்தேன் என்றால், அது நான் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று. லேத்தில் எட்டு மணி நேரம் நிற்பது அதைவிடச் சுலபம்.

மறுநாள் கோயிலில் கூடையை எடுத்தாள். ரோஜா ஒன்றுகூட இல்லை. ஒரு கழனி! நாற்று நட்டு ஒரு மாதமான நெற்பயிர், வரிசை வரிசையாக, இலைக் குழலில் பிழிந்த பச்சை. காபி டிகாக்ஷன் கலந்த ஐசிங்கில் வரப்பு. வரப்பில் வெள்ளையாக மூன்று கொக்கு. நோரா அம்மா வகுப்பில் இப்படி ஒன்று சொல்லித்தந்ததே இல்லை. எனக்கு இது தோன்றியிருக்கவும் செய்யாது. ஆனால் பார், மூன்றாவது கொக்கு சாய்ந்திருந்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏலத்துக்கு நம் ஊர் ஏகாம்பரம் வந்திருந்தார். வருஷா வருஷம் பண்டிகைக்குப் பூசணிக்காய் கொடுத்து அனுப்புகிற மனிதர், சாமி வேறானாலும். கேக்கைக் கண்டதும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது, என் கழனியப் பேத்துகினு வந்து தட்டுல வெச்சிகிறே!" யாரோ பின்னாலிருந்து, "அந்தக் கொக்கு சாஞ்சிகீதே" என்றார்கள். ஏகாம்பரம் திரும்பி அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், கொக்கு இன்னா போலீசா, வெறப்பா நிக்கறதுக்கு? மீனப் பாத்துகினு கீதுயா." கோயிலே சிரித்தது. அம்மாவின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. விடாமல் ஏலம் கேட்டு ஏகாம்பரமே கேக்கை எடுத்தார். போகும்போது என்னிடம், "அந்தம்மா கொண்டாந்து வெச்சாலும் பண்ணது நீதானேப்பா? பெரிய ஆளுய்யா நீ" என்றார். "நான் இல்ல. எஸ்தரு பண்ணது. நான் வூட்டாண்டயே இல்ல" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்த மனிதர் கேக்கை வெட்டாமல் ஒரு வாரம் வைத்து அழகு பார்த்து, கடைசியில் எறும்பிடம் தோற்றார்.

அதற்குப் பிறகுதான் நம் வீட்டில் இரண்டு மேசை வந்தது. அவள் பண்ணும்போது நான் பார்க்கலாம், தொடக்கூடாது. கேட்டால் சொல்லலாம், கேட்காமல் சொல்லக்கூடாது. அவளும் என் ரோஜாக்களைப் பற்றி, "அத்தினியும் ஒரே அச்சுல போட்ட மாரி கீது, கொஞ்சம் மூச்சு வுடச் சொல்லுங்க" என்று கேட்காமலே சொல்வாள். விதி எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

உனக்கு நான் புத்தி சொல்வது இவ்வளவுதான். அடுத்த வாரம் கிரேஸைப் பார்க்கப் போகும்போது வண்டியை அவளிடமே கொடு. ஆடட்டும். நீ பின்னால் உட்கார். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள். அவளுக்கு முன்பே நீ வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்பது அவளுக்கும் தெரியும், அதை நீ நிரூபிக்கத் தேவையில்லை. பின்னாளில் அவள் சமைக்கும்போதோ, எழுதும்போதோ, பிள்ளைக்குத் தலை சீவும்போதோ, உனக்கு அதைவிட நன்றாகச் செய்ய வரும் என்று விரல் அரிக்கும். நீ என் மகன், கட்டாயம் அரிக்கும். அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொள். உன் கல்யாணக் கேக்கை அம்மா பண்ணுகிறாள். என்ன வடிவம் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாவு சலிக்கவும் தூக்கிக்கொண்டு வரவும் மட்டும் ஆள் வேண்டுமாம். ஒத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முட்டைக்கோஸ் இடத்தில் சிரித்தாள், மீன் இடத்தில் வேறு பக்கம் பார்த்தாள். முடித்ததும், "எல்லாத் தப்பையும் நீங்களே எடுத்துகினீங்களே, என்னுத எங்க?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அன்னிக்கே 'என் பூவு எங்க'ன்னு சட்டையப் புடிச்சிக் கேட்டிருந்தா அன்னிக்கே தீர்ந்திருக்கும். ரெண்டு வருசம் வாய மூடிகினு உங்கள அலைய வுட்டேன். நீங்க இன்னான்னு புரியாம முழிக்கறதப் பாக்கறதுல எனக்குக் கொஞ்சம் ருசியும் இருந்திச்சி. அதையும் எழுதுங்க. கிரேசு படிக்கட்டும். கோவம் வந்தா அன்னிக்கே கேட்டுடச் சொல்லுங்க." இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மறுபடி பேனாவை எடுத்தேன்.

எழுதிவிட்டேன். இப்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். "ருசி இருந்திச்சின்னு போட்டீங்களா?" என்கிறாள். போட்டேன் என்கிறேன். அந்த வரியைத் தானே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சரி, கவர ஒட்டுங்க" என்கிறாள்.

உன் அப்பா